ஆட்டுக்கொல்லி நோய்: வந்த வழியை அறிந்து அடைப்போம்

நமது செட்டிநாட்டுப் பகுதி வானம் பார்த்த பூமி. சரளைக்கல் கலந்த செம்மண்ணில் மழை தவறினால் நிலக்கடலை தவறும். கண்மாய் பெருகாவிட்டால் நெல்லும் இல்லை. அத்தகைய ஆண்டுகளில் சிறு விவசாயியின் குடும்பத்தைத் தாங்கி நிற்பவை கொட்டிலில் இருக்கும் வெள்ளாடுகளும் செம்மறிகளுமே. பிள்ளையின் படிப்புச் செலவானாலும், திடீரென வரும் வைத்தியச் செலவானாலும், ஒரு கிடாவை விற்றால் அன்றைய கவலை தீரும்.

இந்தச் சேமிப்பைப் பத்தே நாட்களில் கரைத்துவிடக் கூடியது தொற்றுநோய். ஒரு நோய் ஓர் ஆட்டிலிருந்து மற்றொன்றுக்கும், ஒரு பட்டியிலிருந்து மற்றொரு பட்டிக்கும் எப்படிப் பரவுகிறது, எந்த இடத்தில் அதை மறிக்கலாம் என்று ஆராயும் கல்விக்குக் கொள்ளைநோய் இயல் என்று பெயர். பெயர் பெரிதாக இருந்தாலும் அதன் அடிப்படைகள் எளியவை. நம் பகுதியில் பெரும் இழப்பை உண்டாக்கும் ஆட்டுக்கொல்லி நோயைக் கொண்டே அவற்றைப் பார்ப்போம்.

நான் கற்ற பாடம்

நான் பயிர் விஞ்ஞானி. கால்நடை மருத்துவன் அல்லன். ஆயினும் விரிவாக்கப் பணியில் இருப்பவன் வயலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப முடியாது. 1990களின் இறுதியில், பணிக்கு வந்த புதிதில், காரைக்குடிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் நிலக்கடலைச் செயல்விளக்கத் திடல் அமைத்திருந்தோம். நிலத்துக்கு உரிய அம்மையார் 14 வெள்ளாடுகள் வளர்த்து வந்தார். ஒரு நாள் நான் சென்றபோது கொட்டிலில் புதிதாக இரண்டு பெட்டைகள் நின்றன. "சந்தையில் சோடியா மலிவாக் கெடச்சுச்சு சார், முந்தாநாள்தான் பிடிச்சாந்தோம்" என்றார். அவற்றில் ஒன்றுக்கு மூக்கு ஒழுகியது. "மழைக்குச் சளி பிடித்திருக்கும் அம்மா, சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டுக் கடலைச் செடியைப் பார்க்கப் போய்விட்டேன்.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது, இருந்த 16 ஆடுகளில் 9 இறந்திருந்தன. 2 ஆடுகளை வந்த விலைக்கு வியாபாரியிடம் தள்ளிவிட்டிருந்தார். மிஞ்சியவை 5. பக்கத்து வீடுகளிலும் ஆடுகள் கழிந்துகொண்டிருந்தன. விற்ற இரண்டும் எந்த ஊருக்குப் போயின, அங்கே எத்தனை பட்டிகளைக் காலி செய்தன என்பதை இன்றுவரை நான் அறியேன். அப்போது இந்நோய்க்கான தடுப்பூசி நம் சிற்றூர்களுக்கு வந்து சேரவில்லை என்பது உண்மைதான். ஆனால் புதிய ஆடுகளைத் தனியே கட்டச் சொல்லியிருந்தால் அதற்குத் தடுப்பூசி எதுவும் தேவையில்லை. ஒரு கயிறும், தள்ளி நிற்கும் ஒரு வேப்பமரமும் போதும். அதை நான் சொல்லவில்லை. அந்தக் குறையே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

நோய் வர மூன்று கூட வேண்டும்

நெல்லில் குலைநோய் வருவதை நாம் அறிவோம். பூசணம் இருக்க வேண்டும். அதைத் தாங்காத நெல் இரகம் இருக்க வேண்டும். பனியும் ஈரமும் கூடிய பருவநிலை இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் நோய் கடுமையாவதில்லை. ஆட்டுக்கும் இதே கணக்குத்தான். கிருமி, கிருமியை எதிர்க்கும் சக்தியற்ற ஆடு, கிருமி பரவ ஏற்ற சூழ்நிலை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூடும்போது நோய் எழுகிறது.

இதிலிருந்து தடுப்பு முறையும் தானே விளங்கும். புதிய ஆட்டைத் தனியே வைத்தால் கிருமி உள்ளே வருவது தடைப்படும். தடுப்பூசி போட்டால் ஆட்டின் எதிர்ப்புச் சக்தி உயரும். கொட்டிலில் நெருக்கத்தைக் குறைத்துத் தரையை உலர்வாக வைத்தால் சூழ்நிலை நமக்குச் சாதகமாகும். மூன்றையும் செய்வது சிறப்பு. ஒன்றையாவது செய்பவர் ஒன்றும் செய்யாதவரைவிடப் பாதுகாப்பாக இருப்பார்.

நோயை அறிந்துகொள்வோம்

ஆட்டுக்கொல்லி ஒரு நச்சுயிரியால் வரும் நோய். மாடுகளைக் கொன்று குவித்த வெக்கை நோயின் கிருமியும், குழந்தைகளுக்கு வரும் தட்டம்மையின் கிருமியும் இதற்கு நெருங்கிய உறவு. ஆயினும் ஆட்டுக்கொல்லி மனிதரைத் தாக்குவதில்லை. ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் நாட்டில் 1942ஆம் ஆண்டு இது முதன்முதலில் விவரிக்கப்பட்டது. இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது நம் தமிழ்நாட்டில்தான். 1987ஆம் ஆண்டு, இன்றைய விழுப்புரம் பகுதியிலுள்ள அரசூர் என்னும் ஊரில் ஆடுகளைத் தாக்கிய நோய் இதுவே என்று உறுதி செய்யப்பட்டது. அதுவரை ஆடுகளுக்கு இத்தகைய நோய் வந்தால் வெக்கை என்றே கருதி வந்தனர். அந்த அரசூர்க் கிருமியின் வீரியத்தைக் குறைத்தே பின்னாளில் நமது கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் ஒரு தடுப்பூசியை உருவாக்கியது.

நோய் கண்ட ஆட்டுக்கு முதலில் 104 முதல் 106 டிகிரி வரை கடுங்காய்ச்சல் அடிக்கும். தீவனம் எடுக்காது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். ஓரிரு நாளில் அது சளியாகக் கெட்டிப்பட்டு மூக்குத் துவாரத்தை அடைக்கும். வாயின் உட்புறத்திலும் ஈறுகளிலும் புண் தோன்றித் துர்நாற்றம் வீசும். பிறகு கழிச்சலும் இருமலும் மூச்சுத் திணறலும் சேரும். சினை ஆடுகள் கன்று வீசும். எதிர்ப்புச் சக்தி அறவே இல்லாத மந்தையில் ஏறத்தாழ எல்லா ஆடுகளும் நோயுறலாம். நூற்றுக்கு 90 வரைகூட இறக்கலாம். இளங்குட்டிகள் அதிகம் மாளும். பெரும்பாலும் செம்மறியைவிட வெள்ளாட்டில் நோய் கடுமையாக இருக்கும்.

வெளியே தெரியாத நாட்கள்

கிருமி உடலில் புகுந்த அன்றே நோய் தெரிவதில்லை. ஆட்டுக்கொல்லியில் பெரும்பாலும் 4 முதல் 6 நாட்கள், சிலவற்றில் 10 நாட்கள் வரை ஆடு நன்றாகவே மேயும். இதை நோய் அரும்பும் காலம் என்பர். காய்ச்சல் தொடங்கியவுடன் கண்ணீர், சளி, எச்சில், சாணம் ஆகியவற்றில் கிருமி வெளிப்படத் தொடங்கிவிடும். நாம் "சளிதான்" என்று எண்ணும் நாளிலேயே அது கொட்டில் முழுதும் பரவத் தொடங்கியிருக்கும். ஆகவே சந்தையில் கண்ணும் மூக்கும் சுத்தமாக இருந்த ஆடு நோயற்ற ஆடு என்று முடிவு செய்ய இயலாது.

இதனால்தான் புதிதாக வாங்கிய ஆட்டை 21 நாட்கள் தனியே வைத்திருக்கச் சொல்கிறோம். சர்வதேச விதிகளில் இந்நோய் அரும்பும் காலத்தின் உச்ச வரம்பாக 21 நாட்களே கொள்ளப்படுகின்றன. இந்த நாட்களுக்குள் நோய் இருந்தால் வெளிப்பட்டுவிடும்.

தனித்து வைத்தல் நமக்குப் புதியதன்று. முன்னாளில் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் மக்களை இராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம் முகாமில் தங்கவைத்து, நோய் இல்லை என்று பார்த்த பிறகே கப்பலேற்றினர். சிவகங்கை தனி மாவட்டமாவதற்கு முன், அதாவது 1985க்கு முன், அதுவும் நமது மாவட்டமே. மண்டபம் கேம்ப் என்ற பெயர் அங்கே இன்றும் நிலைத்திருக்கிறது. மனிதருக்குச் செய்ததை ஆட்டுக்குச் செய்வதில் சிரமம் ஒன்றுமில்லை.

தனிக்கட்டு என்றால் கொட்டிலின் மறுமூலை அன்று. மூச்சும் இருமலும் எட்டாத தூரத்தில், தனித் தொட்டியும் தனித் தீவனமும் இருக்க வேண்டும். முதலில் பழைய ஆடுகளைக் கவனித்துவிட்டுக் கடைசியில் புதிய ஆடுகளிடம் செல்ல வேண்டும். திரும்பியதும் கைகால்களைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இந்தக் கிருமி வெயிலிலும் உலர்விலும் நீண்ட நேரம் பிழைப்பதில்லை, சோப்புக்கும் தாங்காது. இது நமக்குக் கிடைத்த அனுகூலம்.

வழி வேறு, அடைப்பு வேறு

எல்லா நோயும் ஒரே வழியில் வருவதில்லை. வழி தெரியாமல் அடைத்தால் உழைப்பு வீணாகும்.

ஆட்டுக்கொல்லி மூச்சாலும் நெருக்கத்தாலும் பரவுகிறது. அதற்குத் தனிக்கட்டும் தடுப்பூசியும் தீர்வு. வடகிழக்குப் பருவமழையை ஒட்டிச் செம்மறிகளுக்கு வரும் நீலநாக்கு நோயைக் கொசுவினும் சிறிய ஒருவகைப் பூச்சிகள் கடித்துப் பரப்புகின்றன. அதற்குச் சாணக்குவியலையும் சேற்றையும் அகற்றுவதும், மாலையில் புகைமூட்டம் போடுவதும் உதவும். அடைப்பான் நோயின் கிருமி மண்ணில் பல்லாண்டுகள் உயிரோடு கிடக்கும். நன்றாக இருந்த ஆடோ மாடோ திடீரென இறந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத இரத்தம் வடிந்தால் அதை அறுக்கவே கூடாது. அது மனிதரையும் கொல்லும். மழைக்குப் பின் தளிர்ப்புல்லை வயிறு முட்ட மேய்ந்த ஆட்டுக்கு வரும் துள்ளுமாரியோ, ஆட்டிலிருந்து ஆட்டுக்குத் தொற்றுவதன்று. குடலில் ஏற்கெனவே இருக்கும் கிருமி பெருகி நஞ்சைச் சுரப்பதால் வருவது. அங்கே மேய்ச்சலைக் கட்டுப்படுத்துவதும், மழைக்கு முன் அதற்குரிய தடுப்பூசியும் வழி.

நம் முன்னோர் இதை வேறொரு துறையில் உணர்ந்திருந்தனர். செட்டிநாட்டு ஊர்களில் குடிநீர் ஊருணியைத் தனியே வைத்து, அதில் குளிப்பதையும் துணி துவைப்பதையும் ஆடு மாடு இறங்குவதையும் தடுத்தனர். கிருமி என்ற சொல்லை அறியாத காலத்திலேயே வழியை அடைத்திருக்கிறார்கள்.

எண்ணிப் பார்த்தால் புலப்படும்

1854ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் ஒரு பகுதியில் காலரா பரவியது. ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் எந்தெந்த வீட்டில் சாவு நேர்ந்தது, அவர்கள் எங்கே தண்ணீர் எடுத்தனர் என்று விசாரித்தார். சாவுகள் பிராட் தெருவிலிருந்த ஒரு கைப்பம்பைச் சுற்றியே குவிந்திருந்தன. அவர் சொற்படி அப்பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்குள் நோய் தணியத் தொடங்கியிருந்தது என்றாலும், காலரா தண்ணீரால் பரவுகிறது என்பதற்கு அவர் காட்டிய சான்று உலகுக்கே வழிகாட்டியாயிற்று. காலராக் கிருமியை ராபர்ட் கோக் எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து நிலைநாட்டியது 1883, 1884ஆம் ஆண்டுகளில்தான். கிருமியைக் காண்பதற்கு முன்பே எண்ணிக்கையைக் கொண்டு வழியைக் கண்டார் ஸ்நோ.

இதே முறையை நம் ஊரிலும் கையாளலாம். உதாரணமாக, ஒரு தெருவில் 40 ஆடுகள் உள்ளன. 23 நோயுற்றன. இதை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது. இப்போது பிரித்துப் பார்ப்போம். கண்மாய்க்குள் வெளியூர்க் கிடையோடு கலந்து மேய்ந்தவை 25. அவற்றில் நோயுற்றவை 20, அதாவது நூற்றுக்கு 80. வீட்டில் கட்டித் தழை போட்டவை 15; அவற்றில் நோயுற்றவை 3, அதாவது நூற்றுக்கு 20. கலந்து மேய்ந்தவற்றில் நோய் நான்கு மடங்கு. எந்த வழியை முதலில் மறிக்க வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது.

ஆகவே ஒவ்வொருவரும் 40 பக்க நோட்டு ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். எந்தத் தேதியில் எந்த ஆடு வந்தது, எங்கிருந்து வந்தது, என்று நோயுற்றது, எங்கே மேய்ந்தது, தடுப்பூசி போட்டதா என்ற ஐந்தையும் குறித்தால் போதும். கால்நடை மருத்துவர் வரும்போது அந்த நோட்டு அவருக்குப் பேருதவியாக இருக்கும்.

ஊருக்கே ஒரு வேலி

"என் ஆட்டுக்கு ஊசி போட்டுவிட்டேன், மற்றவர் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன" என்று கேட்பவர் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். நோயுற்ற ஓர் ஆடு 5 ஆடுகளுக்கு நோயைக் கொடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். அந்த 5ம் ஆளுக்கு 5 கொடுத்தால் 25. அவை கொடுத்தால் 125. ஊரில் 5க்கு 4 ஆடுகள் தடுப்பூசியால் காப்புப் பெற்றிருந்தால், ஓர் ஆடு ஒன்றுக்கு மட்டுமே கொடுக்க முடியும். நோய் பெருகாது. இன்னும் சில ஆடுகள் காப்புப் பெற்றால் ஒன்றுக்கும் குறைவாகி, நோய் தானே அணைந்துவிடும். ஊசி போட இயலாத இளங்குட்டிக்கும் இதனால் பாதுகாப்பு. இதற்கே மந்தைக் காப்பு என்று பெயர். நூற்றுக்கு 80க்குக் குறையாமல் போட வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

ஒரு தடவை போட்ட ஊசி ஆட்டுக்கு மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் காப்பளிக்கும். ஆனால் ஊருக்கு அப்படியன்று. 100 ஆடுகளில் 80க்கு ஊசி போட்டோம். ஓராண்டில் 35 ஆடுகளை விற்று, 35 குட்டிகள் பிறந்தன. விற்றவற்றில் 28 ஊசி போட்டவை என்றால், மிஞ்சியது 52. அடுத்த ஆண்டு இன்னும் 35 போனால் காப்புள்ளவை 34 மட்டுமே. வேலி சரிந்துவிட்டது. ஆகையால் ஆண்டுதோறும் புதிய குட்டிகளுக்கும் புதிதாக வாங்கிய ஆடுகளுக்கும் விடாமல் போட வேண்டும். தாயின் சீம்பாலால் பெற்ற காப்பு குறையும் வரை ஊசி சரியாகப் பிடிக்காது. எனவே குட்டிக்கு மூன்று, நான்கு மாதம் நிறைந்த பின் போடுவது நல்லது.

இது உயிருள்ள கிருமியைக் கொண்ட ஊசி மருந்து. ஐஸில் வைத்தே கொண்டுவர வேண்டும். கரைத்தபின் வெயிலில் வைத்துக் காலந்தாழ்த்தினால் வீரியம் போய்விடும். முகாம் நாளன்று மருத்துவர் வருமுன்பே எல்லா ஆடுகளையும் ஓரிடத்தில் கட்டி வைப்பது நம் கடமை. நோயுற்ற ஆட்டுக்கு ஊசி போடக்கூடாது. குடற்புழு நீக்கம் செய்து ஓரிரு வாரம் கழித்துப் போட்டால் பலன் கூடும்.

நோய் கண்டால் செய்ய வேண்டியவை

1. நோயுற்ற ஆட்டை உடனே பிரித்துக் கட்டவும். மற்ற ஆடுகளைப் பொது மேய்ச்சலுக்கும் பொதுத் தண்ணீருக்கும் ஓட்ட வேண்டாம்.

2. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு அன்றே தெரிவிக்கவும். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கலாம். இத்தகைய நோயைத் தெரிவிப்பது 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்டின் உரிமையாளருக்குக் கடமையாகும்.

3. நோய்க் கிருமியையே அழிக்கும் மருந்து கிடையாது. ஆனால் உடன்சேரும் நிமோனியாவுக்கும் கழிச்சலுக்கும் மருத்துவர் தரும் சிகிச்சையால் பல ஆடுகளைக் காப்பாற்றலாம். வாய்ப்புண்ணை உப்பு நீரால் கழுவி, கஞ்சியும் உப்பு சர்க்கரை கலந்த நீரும் சிறிது சிறிதாகப் புகட்டவும்.

4. கொட்டிலைக் கூட்டி, 10 லிட்டர் தண்ணீருக்கு 400 கிராம் சலவைச் சோடா வீதம் கரைத்துத் தெளிக்கவும். மிச்சத் தீவனத்தை எரித்துவிடவும்.

5. இறந்த ஆட்டைக் கண்மாயிலோ புதரிலோ எறியாமல், நாய் தோண்ட முடியாதபடி ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்கவும். கூறு போட்டு விற்க வேண்டாம்.

6. நோயுற்ற ஆட்டையோ, அதோடு நின்ற ஆட்டையோ விற்க வேண்டாம்.

ஆறாவதே மிகக் கடினம் என்பதை அறிவேன். கண்முன்னே பணம் கரையும்போது, கிடைத்த ஆயிரத்துக்குத் தள்ளிவிடத்தான் மனம் வரும். ஆனால் திருப்புவனம் சந்தைக்குப் போகும் ஒரு நோயாடு பத்து ஊர்களுக்குப் போகும். நாம் வாங்கிய நோயும் அப்படி எவரோ தள்ளிவிட்டதுதான். இன்று நாம் விற்பது அடுத்த ஆண்டு நம் கொட்டிலுக்கே திரும்பி வரலாம்.

வெக்கை போயிற்று, இதுவும் போகும்

மனித முயற்சியால் உலகைவிட்டே ஒழிந்த நோய்கள் இரண்டு. ஒன்று பெரியம்மை, 1980இல் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மற்றொன்று வெக்கை. நம் நாட்டில் 1954இல் தொடங்கிய வெக்கை ஒழிப்புப் பணி பல்லாண்டு நீடித்தது. இந்தியாவின் கடைசி வெக்கை 1995இல் நம் தமிழ்நாட்டில்தான் கண்டது. அதன்பின் தடுப்பூசியை நிறுத்திவிட்டு, எங்கேனும் ஒரு மாட்டுக்கு அறிகுறி உண்டா என்று ஊர் ஊராகத் தேடினர். 2006இல் இந்தியாவும், 2011இல் உலகமும் வெக்கையற்றதாக அறிவிக்கப்பட்டன. மருந்து ஒரு பாதி வேலையைச் செய்தது என்றால், மறைக்காமல் தகவல் சொன்ன மாட்டுக்காரர்கள் மறுபாதியைச் செய்தனர்.

ஆட்டுக்கொல்லியை 2030க்குள் ஒழிக்க வேண்டும் என்று உலக நாடுகள் 2015இல் ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகரில் கூடித் திட்டமிட்டன. 2024இல் கிரேக்கத்திலும் ருமேனியாவிலும் இந்நோய் தோன்றியதைப் பார்த்தால், இது ஏழை நாட்டு ஆடுகளோடு நிற்கும் நோயன்று என்பது விளங்கும். ஆயினும் இதை ஒழிக்க முடியும். பிழைத்த ஆடு கிருமியைக் காலமெல்லாம் சுமப்பதில்லை. ஒரே வகைத் தடுப்பூசி எல்லா இடத்துக்கும் பொருந்துகிறது. கிருமியும் வெளியில் நீண்ட நாள் வாழ்வதில்லை.

அந்த அம்மையார் மிஞ்சிய ஐந்து ஆடுகளிலிருந்து மீண்டும் பட்டியைப் பெருக்க மூன்று ஆண்டுகள் ஆயின. பின்னர் ஒருமுறை சென்றபோது, வீட்டுக்குப் பின்னே கிணற்றடியைத் தாண்டி ஒரு வேப்பமரத்தில் புதிய கிடா ஒன்று தனியே கட்டியிருந்தது. "இன்னும் ஒம்பது நாள் இருக்கு சார்" என்றார். நான் சொல்லத் தவறியதை அவர் இழந்து கற்றுக்கொண்டார். மற்றவர்கள் இழக்காமலே கற்கலாம். அடுத்த சந்தை நாளில் ஆடு பிடித்து வரும் விவசாயப் பெருமக்கள், கொட்டிலுக்குள் விடுமுன் 21 நாட்களை எண்ணத் தொடங்குவார்களாக.